சிப்பாய் வீடு திரும்பிய பிறகு

(கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நடந்த நூலக வார விழா உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பதக்கங்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த வெயிலில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த நூலகருக்குத் தனி நன்றி.

‘போர்வீரர்களின் சாகசக் கதைகள்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். கதையில் வரும் வீரன், கதைக்குள் வராத போர், போர் முடிந்த பிறகு வரும் வாழ்க்கை என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நம் சட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படை 25 லட்சம் பேரைத் தொட்டது. 1944-ல் வடகிழக்கு எல்லையில், இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பான் படையோடு நடந்த சண்டைகளை உலகம் இன்றும் பேசுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1942 ஆகஸ்டில், கோவை அருகே நம் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள் விடுதலைப் போராளிகள். ஒரே மண்ணில் ஒருவன் படைக்குப் போகிறான், இன்னொருவன் அந்தப் படையின் தளத்தைக் கொளுத்துகிறான். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுத்தாளர் ப. சிங்காரம் போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் வாழ்ந்தவர். அதனால்தான் 1972-ல் ‘புயலிலே ஒரு தோணி’ என்ற போர்க்கால நாவல் வந்தது. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மா முனையில் படை லாரி ஓட்டியவர். ஆள் காணவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்து, கருமாதியும் முடிந்துவிட்டது. போர் முடிந்து ஓர் இரவு வந்து கதவைத் தட்டினார். தாய் திறக்கவில்லை. பேய் என்று பயந்து, உள்ளே இருந்தபடியே கேட்டார்: “நீ என் மகன் என்றால், நம் செவலைக் காளைக்கு எந்தக் கொம்பு உடைந்தது, சொல்.” அவர் சொன்னார்: “இடக் கொம்பு அம்மா. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது வடம் அறுந்து, கிணற்று மேட்டுக் கல்லில் மோதி உடைந்தது. அன்று அப்பா என்னைத்தான் அடித்தார்.” தாழ்ப்பாள் விலகியது. “அப்புனு!” என்ற குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டதாம். அந்தத் தாய் விடியும்வரை மகன் கையை விடவில்லையாம்.

இதோடு நிறுத்தினால் சாகசக் கதை. ஆனால் அதன்பின் சாகும்வரை அவர் கூரைக்குக் கீழே படுக்கவில்லை. மழையானாலும் களத்து மேட்டில் கயிற்றுக் கட்டில்தான். எந்தச் சத்தத்துக்கு அஞ்சினார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவருடைய தகரப் பெட்டியில் விடுவிப்புச் சான்றும் கடிதங்களும் இருந்தன. அவர் போன பிறகு அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எனக்கு இன்றும் ஆறவில்லை.

வீரனுக்கு நடும் நடுகல்லுக்கு, கல்லைத் தேடிக் காண்பது முதல் நீராட்டுவது வரை, காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று துறை வகுத்தது தொல்காப்பியம். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்ட நாம், பர்மா போய் வந்தவனின் கடிதத்தை எடைக்குப் போடுகிறோம். சட்டியைக் கவிழ்த்துவிட்டு எழுத்தாளனிடம் அகப்பையை நீட்டினால் எப்படி?

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கைகாட்டுகிறார். மற்ற செய்திகளை இன்னொரு மேடையில் பேசுகிறேன். ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு ஒரே கோரிக்கை: இந்த நூலகத்தில் படைவீரர் ஆவணங்களுக்கென்று பூட்டு உள்ள ஓர் அலமாரி வேண்டும். முன்வரிசைப் பெரியவர்களே, உங்கள் தகரப் பெட்டிகளை வரும் ஞாயிறு காலை இங்கே கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தருகிறோம்.