கொசுவலைக்குக் காணிக்கை எடுப்பது சபையின் வேலையா?

இந்த வாரம் ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுப்பதற்காக அமெரிக்காவின் மெத்தடிஸ்ட் சபைகள் பெரிய அளவில் நிதி திரட்டின என்று போன பதிவில் சொன்னீர்கள். நோயைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை இல்லையா? சபை ஏன் இதற்குக் காணிக்கை எடுக்க வேண்டும்? அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருமா?"

நன்றி சகோதரி. முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2006இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர் தன் பத்தியில், ஆளுக்குப் பத்து டாலர் கொடுங்கள், ஆப்பிரிக்காவில் ஒரு கொசுவலை வாங்கலாம் என்று எழுதினார். அதிலிருந்து 'நத்திங் பட் நெட்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. யுனைடெட் மெத்தடிஸ்ட் சபை ஆரம்பத்திலேயே அதில் சேர்ந்துகொண்டது. பத்து டாலர், ஒரு வலை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு புரிந்துவிடும். அது பரவியதற்கு அந்த எளிமை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசு. அது பெரும்பாலும் இரவில்தான் கடிக்கும். பிள்ளைகள் தூங்கும் நேரம். வலையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பதால் அதன்மேல் உட்காரும் கொசு செத்துவிடும். ஊரில் பெரும்பாலான வீடுகளில் வலை இருந்தால், வலை இல்லாத பக்கத்து வீட்டுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும்.

தடுக்கக்கூடிய நோய் என்று சொல்வது வெறும் பேச்சில்லை. கொடுக்கிற அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் மலேரியா இருந்தது. இன்று உலகமே அறிந்த சி.டி.சி. என்ற நோய்த்தடுப்பு மையம் 1946இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்டதே முக்கியமாக மலேரியாவோடு போராடத்தான். 1951க்குள் அங்கே நோய் ஒழிந்துவிட்டது. ஆனால் உலகம் முழுவதும் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் சாகிறார்கள். நூற்றில் சுமார் 95 பேர் ஆப்பிரிக்காவில். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிறையாத பிள்ளைகள். ஒரு நாட்டில் எழுபது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன நோய், இன்னொரு நாட்டில் இன்று ராத்திரி ஒரு குழந்தையைக் கொண்டுபோகிறது. இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரி, அரசாங்கத்தின் வேலைதானே? ஆமாம், அரசாங்கத்தின் வேலைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வலைகளுக்கும் மருந்துகளுக்கும் ஆகிற செலவில் பெரும்பகுதி அரசுகளின் பணம்தான். எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றையும் எதிர்க்க 2002இல் உருவான குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதியம் வழியாகவும் அது போகிறது. அதோடு ஒப்பிட்டால் சபைகள் திரட்டியது சிறிய தொகை. அப்படியானால் சபை எதற்கு?

ஒரு லாரி நிறைய வலைகள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கினால் மட்டும் நோய் குறையாது. புது வலையைப் பிரித்து ஒரு நாள் நிழலில் காற்றாட விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சருமத்தில் எரிச்சல் கொடுக்கும். எரிச்சல் வந்தால் மறுநாளே வலையைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். கட்டில் இல்லாத வீட்டில், பாயில் படுக்கிறவர்களுக்கு வலையை எங்கே கட்டுவது? ஒரே வலைதான் இருக்கிறது என்றால் அதற்குள் யார் படுப்பது? கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் என்று யாராவது வீட்டுக்குள் வந்து எடுத்துச் சொல்ல வேண்டும். சில இடங்களில் வலையைக் கொண்டு மீன் பிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லி ஏழைகளைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. பசிக்கிற வீட்டில் வலை என்றால் முதலில் மீன்தான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கேதான் சபை வருகிறது. காங்கோவிலும் சியரா லியோனிலும் மொசாம்பிக்கிலும் அதே யுனைடெட் மெத்தடிஸ்ட் சபை இருக்கிறது. கொடுக்கிற முனையிலும் சபை, வாங்குகிற முனையிலும் சபை. அங்குள்ள போதகருக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று தெரியும். சபைப் பெண்கள் வீட்டுக்குள் போய் வலையைத் தங்கள் கையாலேயே கட்டிக் காட்ட முடியும். அரசாங்க லாரிக்கு அந்த வீட்டுக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. இந்த விஷயத்தில் சபையிடம் இருக்கிற பெரிய சொத்து இந்த நம்பிக்கைதான், உண்டியல் பணம் அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

இன்னொன்றும் பாராட்ட வேண்டும். வலை மட்டும் போதாது என்று சபையே புரிந்துகொண்டது. அடுத்து 'இமேஜின் நோ மலேரியா' என்று 7.5 கோடி டாலர் இலக்கு வைத்துத் தொடங்கியபோது, வலையோடு சிகிச்சையையும் சேர்த்தார்கள், கிராமத்து சுகாதாரப் பணியாளர் பயிற்சியையும் சேர்த்தார்கள், உள்ளூர் மொழியில் பேசும் வானொலியையும் சேர்த்தார்கள். காய்ச்சல் வந்த பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் இருபது நிமிடத்துக்குள் மலேரியாவா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளையை உடனே கொண்டுவர வேண்டும் என்று தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டுமே! மெத்தடிஸ்ட் சபைகளுக்கு இது புது வழியும் இல்லை. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1746இலேயே லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் நடத்தினார்.

பணம் போய்ச் சேருமா என்று கேட்டீர்கள். கேட்பது அவிசுவாசம் இல்லை சகோதரி, கேட்கத்தான் வேண்டும். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது, அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது என்று அதற்குக் காரணமும் எழுதினார். அப்போஸ்தலனே கணக்குக்கு உட்பட்டார் என்றால், இன்றைக்கு ஒரு சபைக்கமிட்டி கணக்குக் காட்ட ஏன் தயங்க வேண்டும்?

ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. சபைகள் இயக்கமாகத் தொடங்கும்போது உற்சாகம் பொங்கும். பதாகை வைப்பார்கள், வாலிபர்கள் ஓட்டப்பந்தயம் நடத்துவார்கள். இலக்கை எட்டியதும் கொண்டாடிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு வலை சுமார் மூன்று வருஷம்தான் உழைக்கும். அதற்குள் கிழியும், மருந்தும் குறையும். பழைய மருந்துக்குக் கொசு பழகிப்போன இடங்களில் இரண்டு மருந்து சேர்த்த புது வகை வலை தேவைப்படுகிறது, அதற்கு விலையும் கூடுதல். குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது, 2023இல் இரண்டாவது தடுப்பூசியையும் பரிந்துரைத்தது. மிகப் பெரிய நல்ல செய்தி. ஆனால் அதையும் நாலு தவணை போட வேண்டும். நாலு தடவையும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அதனால் உங்கள் சபையில் இப்படிக் காணிக்கை எடுத்தால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது பொறுப்பாளர்களிடம் இதையும் கேளுங்கள். எந்த ஊருக்குப் போகிறது, அங்கே வலையைக் கட்டிக்கொடுக்கப் போவது யார், மூன்று வருஷம் கழித்து அந்த வலை கிழியும்போது அதே வீட்டுக்கு மறுபடி யார் போவார்கள்?