ரசீது சரி, தேர்வு சரியா?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உபகாரச் சம்பளத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பேச வந்தது அந்தப் பணத்துக்கு யார் காவல் என்பதைப் பற்றி.

அமெரிக்க அரசின் உபகாரச் சம்பளத் திட்டமான ஃபுல்பிரைட்டையே எடுத்துக்கொள்வோம், உங்களில் பலர் குறி வைத்திருப்பது அதைத்தானே. 1946இல் தொடங்கியது. போர் முடிந்து வெளிநாடுகளில் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற பணத்தில்தான் முதலில் நடந்தது. இன்று அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் வரிப்பணம், அதோடு பல பங்காளி நாடுகள் தருவது. நம் நாட்டில் 1963இல் இரு அரசுகளும் சேர்ந்து அமைத்த மக்கீ என்கிற கல்விப் பரிமாற்ற ஆணையம் இதைக் கவனிக்கிறது. வாஷிங்டனில் கிளம்பும் பணம் நடுவில் நிர்வாக நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் என்று பல கை மாறித்தான் ஒரு மாணவரிடம் வந்து சேர்கிறது, அந்த ஒவ்வொரு கையும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவில் 1984இல் வந்து பிறகு திருத்தப்பட்ட ஒரு சட்டப்படி, மத்திய அரசுப் பணத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவழிக்கும் கல்விக்கழகமோ தொண்டு நிறுவனமோ தனியாக ஒரு தணிக்கைக்கு உட்பட வேண்டும். வெகுகாலம் 7,50,000 டாலராக இருந்த அந்த வரம்பை இப்போது 10 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். சின்ன நிறுவனங்களுக்கு அலைச்சல் குறையும், சரி, ஆனால் அந்த அளவுக்குக் கண்காணிப்பும் குறைகிறது என்பது என் கவலை.

தணிக்கையாளர் எதைப் பார்ப்பார்? ஒரு விமான டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் பறப்பவர் அமெரிக்க விமான நிறுவனத்தில்தான் பறக்க வேண்டும் என்று விதி, சில விதிவிலக்குகள் உண்டு. இங்கிருந்து வேறு நாட்டு விமானத்தில் ஏறினாலும், இரு நிறுவனங்களின் கூட்டு ஏற்பாட்டில் டிக்கெட்டில் அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு எழுத்துக் குறியீட்டோடு விமான எண் இருந்தால் போதும். அந்தக் குறியீடு இல்லாவிட்டால் டிக்கெட் பணமே மறுக்கப்படலாம், மலிவாகக் கிடைத்தது என்று வேறு டிக்கெட் வாங்கிய மாணவர்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அப்புறம் மாதச் செலவுப் பணம். படிப்பைப் பாதியில் விட்டவருக்கு எந்தத் தேதியோடு நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு போனதைத் திரும்ப வாங்கினார்களா? விருந்தில் மது வாங்கிய பில்லை உள்ளே நுழைத்திருக்கிறார்களா? அதற்கு அனுமதியே கிடையாது.

இத்தனை நுணுக்கமாகப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் 2025 ஜூனில் நடந்ததை எந்த ரசீதிலும் கண்டுபிடிக்க முடியாது. ஃபுல்பிரைட்டுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, அமெரிக்க அதிபர் நியமிக்கும் 12 பேர் கொண்ட வாரியத்துக்கு. அந்த வாரியத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே நேரத்தில் பதவி விலகினார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த கணிசமான பேருக்கு அரசு இடம் மறுத்துவிட்டது, வெளிநாட்டவர் சுமார் 1,200 பேரை அதிகாரமில்லாத மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இவர்கள் முந்தைய அதிபர் நியமித்தவர்கள், இது அரசியல் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று நீங்களே படித்து முடிவு செய்யுங்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: பணம் ஒரு காசு பிசகாமல் போயிருக்கலாம், ஆனால் போக வேண்டிய ஆளுக்குப் போனதா என்று பார்க்கும் தணிக்கை எங்கே?

நம் நாட்டிலும் இதே கேள்விதான். தலைமைக் கணக்காய்வாளர் பதவியே அரசியலமைப்பில் இருக்கிறது. அவர் அறிக்கை மாமன்னரிடம் போய், பிறகு மக்களவைக்கு வருகிறது, நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கலாம். 2024இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பணம் எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கினார்கள். செயல்திறன் தணிக்கை என்று ஒன்றும் இங்கே ஏற்கெனவே உண்டு, திட்டம் நோக்கத்தை எட்டியதா என்று பார்ப்பது அது. ஆகக் கருவி கையில் இருக்கிறது. உபகாரச் சம்பளத் தேர்வுக் குழுவின் மதிப்பெண் தாள்மீது அதைப் பாய்ச்ச வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல புள்ளி எடுத்தும் நேர்முகத் தேர்வோடு நின்றுபோன பிள்ளை நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது! ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரி பதில் வராது. மனம் உடைந்து, நமக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். கணக்காய்வு அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்ததும் தேசியக் கணக்காய்வுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், தேடி எடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்துக் கேளுங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த அளவுகோலுக்கு எத்தனை மதிப்பெண், குழு பரிந்துரைத்த பட்டியலும் கடைசியில் வெளிவந்த பட்டியலும் ஒன்றுதானா, மாறியிருந்தால் கையெழுத்துப் போட்டது யார்? வாய்மொழிப் பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.