கஞ்சா வரியும் ஒரு லட்சம் டாலரும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தொழில் கணக்குப் பார்ப்பது. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறேன். பகலில் கம்பெனிக் கணக்கு. சில மாலைகளில் அக்கம்பக்கத்துச் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளின் கணக்கு, சம்பளமில்லாமல். அந்த வேலையில்தான் இன்றைய விஷயம் என் மேஜைக்கு வந்தது. கஞ்சா விற்பனையில் வசூலாகும் வரியில் ஒரு பங்கை, கஞ்சாவைக் காட்டிப் போலீஸ் கெடுபிடி செய்த பகுதிகளின் பிள்ளைகளுக்காக நியூயார்க் மாநிலம் மானியமாகக் கொடுக்கிறது. கஞ்சா என்றதும் ரேடியோவை அணைக்கக் கை போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை.

முதலில், எதற்காக இந்தப் பரிகாரம்? 1977-லேயே நியூயார்க்கில் ஒரு சட்டம் வந்துவிட்டது. 25 கிராம் வரை ஒருவர் தன்னிடம் வைத்திருந்தால் சிறைக் குற்றமில்லை, நூறு டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. பொது இடத்தில், பிறர் கண்ணில் படும்படி வைத்திருந்தால் கைது செய்யலாம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். பள்ளி முடிந்து ஒரு பையன் தெருவில் நடந்து போகிறான். போலீஸ்காரர் நிறுத்துகிறார். "பாக்கெட்டில் என்ன இருக்கு, வெளியே எடு" என்கிறார். எடுக்கிறான். எடுத்த அந்த நொடியில் அது பொது இடத்தில், பிறர் கண்ணில் பட்டுவிட்டது! கையில் விலங்கு. அந்த இரவு லாக்கப்பில். இப்படித்தான், 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரத்தைக்கூடத் தொடாமல் இருந்த நியூயார்க் நகரத்துக் கஞ்சாக் கைதுகள் 2011-ல் 50 ஆயிரத்தைத் தாண்டின. பிடிபட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். வெள்ளையர்கள் புகைக்கவில்லையா என்றால், ஏறக்குறைய அதே அளவு புகைத்தார்கள் என்றே கணக்கெடுப்புகள் காட்டின. அவர்களுடைய தெருவில் பாக்கெட்டைக் காட்டச் சொல்லும் வழக்கம் இல்லை. 2011 செப்டம்பரில் அன்றைய போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லியே, நீங்கள் சொல்லி எடுக்கவைத்த பொருளுக்கு அந்தப் பிரிவில் வழக்குப் போடாதீர்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது.

ஒரு இரவு லாக்கப் பெரிய விஷயமா என்று தோன்றலாம். வேலைக்கு மனுப் போடும்போது அது எழுந்து நின்றது. அரசுக் குடியிருப்பில் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்ற பயத்தில் மொத்தக் குடும்பமும் இருந்தது. மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை பெற்றுக்கொண்டிருக்கும்போது போதைப்பொருள் வழக்கில் தண்டனை வந்தால் அந்த உதவியே நிற்கும் என்று ஒரு விதியும் இருந்தது. அதை எடுத்துவிட 2020 டிசம்பரில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மனம் வந்தது.

சரி, பரிகாரத்துக்கு வருவோம். 2021 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. நிர்வாகச் செலவு போக மிஞ்சும் வரிப்பணத்தை அந்தச் சட்டம் இப்படிப் பிரித்தது: 40 சதவீதம் கல்விக்கு, 20 சதவீதம் போதை சிகிச்சைக்கும் விழிப்புணர்வுக்கும், மீதி 40 சதவீதம் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு மறுமுதலீடு. வேலைப் பயிற்சி, மனநல சிகிச்சை, வீட்டு வசதி, பள்ளிக்குப் பிந்தைய வகுப்பு, சட்ட உதவி என்று அந்த 40-ஐ எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலும் சட்டத்திலேயே இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும்.

ஆனால் முதல் கடை திறக்கவே 2022 டிசம்பர் கடைசி வாரம் ஆகிவிட்டது. லைசென்ஸ் வழக்குகள், மூலைக்கு மூலை கள்ளக் கடைகள் என்று வரி மெதுவாகத்தான் சேர்ந்தது. முதல் சுற்று மானியம் 2025-ல் அறிவிக்கப்பட்டது: மொத்தம் 50 லட்சம் டாலர், 50 அமைப்புகள், ஆளுக்கு ஒரு லட்சம். பிறந்த குழந்தையிலிருந்து 24 வயது வரை உள்ளவர்களின் மனநலம், வேலை, வீடு ஆகிய மூன்றுக்கும்.

முழு மாநிலத்துக்கும் 50 லட்சம் என்றால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அதை விடுங்கள், தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். என்னை உறுத்துவது வயது. 2011-ல் 17 வயதில் பிடிபட்டவனுக்கு 2025-ல் 31. அடிபட்டது ஒரு தலைமுறை, மருந்து வாங்குவது அடுத்த தலைமுறை. அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது தப்பில்லை, அந்த 31 வயதுக்காரரின் பிள்ளைகள்தானே அவர்கள். ஆனால் அவரையே இந்த வேலையின் நடுவில் வைக்காமல் செய்தால் பாதிப் பலன்தான் என்பது என் கட்சி. பதினாறு வயதுப் பையனிடம் உட்கார்ந்து பேச அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு சர்ச்சின் நிலவறையில் வாரம் சில மாலைகள் பிள்ளைகளைக் கூட்டுகிறார். முதலில் சாப்பாடு, வயிறு நிறையும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்புறம் வேலை மனு எழுதுவது, கோபத்தைப் பற்றிப் பேசுவது, சில நாள் வெறும் செஸ். பதினெட்டு வயதில் தானும் அதே பாக்கெட் சோதனையில் போனவர். கணக்குக் கேட்டால் ஒரு ஷூ டப்பாவை நீட்டுகிறார். உள்ளே பீட்சாக் கடை ரசீது, பஸ் கட்டண ரசீது. பாதி ரசீதுகளில் எழுத்தே இல்லை; அந்த வழுவழுப்புத் தாளில் மை நாலு மாதத்தில் போய்விடுகிறது. இவர் அரசு மானியத்துக்கு மனுப் போட வேண்டுமானால் வரிவிலக்குப் பதிவு வேண்டும், மாநிலத்தின் இணையதளத்தில் முன்தகுதி வாங்க வேண்டும், தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். கிடைத்த பிறகும் பல அரசு ஒப்பந்தங்களில் முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும், ரசீது காட்டினால் பிற்பாடு பணம் வரும். கைக்காசு இல்லாதவர் எதை முதலில் செலவு செய்வார்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், கணக்குக்காரனாக எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அளப்பதற்கு ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறேன். இல்லினாய் மாநிலத்தில் கொஞ்சம் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே 2020 ஜனவரி 1-ல் விற்பனை தொடங்கியது. ஒரே ஆண்டில், 2021 ஜனவரியில், 80 அமைப்புகளுக்கு 3 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள். துப்பாக்கிக் காயம், குழந்தை வறுமை, வேலையின்மை, சிறைக்குப் போனோர் விகிதம் ஆகியவற்றை வைத்துப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முக்கியமாக, மானியத்தில் ஒரு பகுதியைத் தேவையை ஆராய்ந்து திட்டம் போடுவதற்கென்றே தனியாக வைத்தார்கள். உடனே சேவையில் இறங்க முடியாத அமைப்புக்கு அது பெரிய மூச்சு. நியூயார்க் அடுத்த சுற்றில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வெட்கமே தேவையில்லை.

நடுவில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் போனால் என் மனைவி விட மாட்டாள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் மாநிலச் சட்டத்தை நம்பிக் கஞ்சாவைத் தொடாதீர்கள், கஞ்சாக் கடை வேலையும் வேண்டாம். குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அவர்கள் புத்தகத்தில் அது இன்னமும் மத்தியச் சட்டத்துக்கு விரோதம். குடியுரிமை மனுவரைக்கும் வந்து நிற்கும்.

நம் ஊர்க்காரர்களில் கணக்காளர்களுக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் பஞ்சமில்லை. அடுத்த சுற்று அறிவிப்பு வருமுன் இந்த மாதிரி அமைப்பு ஒன்றுக்கு ஒரு செலவுப் புத்தகம் திறந்து கொடுங்கள், ரசீதுகளை மை போகுமுன் போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லிக்கொடுங்கள், அந்த முன்தகுதி மனுவை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். இரண்டு சனிக்கிழமை போதும். ஷூ டப்பாக்காரருக்கு நான் தொடங்கியிருக்கிறேன். இன்னும் இன்ஷூரன்ஸ் தாள் வந்து சேரவில்லை.

நன்றி, வணக்கம்.