சாரு நினைவா என்ன செய்யலாம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருமங்கலத்துல இருந்து வந்திருக்கு. நீளமா இருக்கு, சுருக்கி வாசிச்சிர்றேன். "மதுரையில நாங்க படிச்ச கல்லூரியில விலங்கியல் எடுத்த எங்க சாரு போன மாசம் காலமாயிட்டாரு. பரீட்சைப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாம அவரே கட்டிருவாரு. பெரியாஸ்பத்திரியில யாருக்கு ரத்தம் தேவைன்னாலும் பையங்களைக் கூட்டிட்டுக் கிளம்பிருவாரு. பழைய மாணவர்கள் 60 பேரு சேர்ந்து 3 லட்சம் போடலாம்னு இருக்கோம். தங்கப் பதக்கமா, சிலையா, நினைவு மலரா?"

பதக்கத்தை முதல்லயே ஒதுக்கிருங்க. 3 லட்சத்தை வைப்புல போட்டு, வட்டி ஆறரை சதவீதம்னு வச்சுக்கிட்டா வருசத்துக்கு 19,500 ரூபா வரும். இன்னைக்கு விக்கிற விலையில அதுக்கு அரைப் பவுன் கிடைக்காது. முலாம் பூசித்தான் குடுக்கணும். அதுபோக, முதல் மார்க் வாங்குற பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு பரிசு இருக்கும். உங்க சாரு தேடிப் போனது அந்தப் பிள்ளையை இல்லையே.

சிலை வேண்டவே வேண்டாம். கட்டடத்துக்குப் பேரு வைக்கிறதுலயும் பெருசா ஒண்ணும் இல்ல. கோரிப்பாளையத்துல அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு டேனியல் புவர் பேரு இருக்கு. 1830கள்ல யாழ்ப்பாணத்துல இருந்து மதுரைக்கு வந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாத் தொறந்த மனுசன். அந்தப் படியேறிப் போற பையங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

சாரு செஞ்சது ரெண்டு வேலை, பரீட்சைப் பணமும் ரத்தமும். அதையே தொடர்ந்து செய்ங்க. 3 லட்சம் அதுக்குச் சரியான தொகைதான்.

முதல்ல பணம். இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. யாராவது ஒருத்தர் "என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கப்பா"ன்னு ஆரம்பிச்சிருவாரு. மூணு மாசத்துல அவரு சொந்தக் கணக்குல லட்சக்கணக்குல நிக்கும். வருமான வரி ஆபீஸ்ல கேட்டா அவருதான் பதில் சொல்லணும், குடுத்தவங்க யாருக்கும் ரசீதும் இருக்காது. அதனால வசூலுக்கு முன்னாடியே கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் குடுத்து, அறக்கட்டளை நிதியாக் கல்லூரிக் கணக்குலயே வாங்கிக்கிறதுக்குச் சம்மதம் வாங்குங்க. நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி பதிவு கல்லூரிக்கு இருக்கான்னும் கேட்டுக்கங்க. இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அதுக்கு வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில இருக்கறவங்களுக்கும் கிடையாது. வரி மிச்சமாகும்னு சொல்லி யார்கிட்டயும் பணம் கேட்காதீங்க, பின்னாடி மனஸ்தாபம் வரும்.

வெளிநாட்டுல இருக்கற மாணவர்கள் விஷயம் தனி. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவரு தன் சம்பாத்தியத்துல அனுப்புனா பிரச்சினை இல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டாருன்னா, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ அட்டை கையில இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இருக்கற கல்லூரிதான் வாங்கலாம், அதுவும் டெல்லியில ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில அதுக்குன்னே இருக்கற கணக்குக்குத்தான் வரணும். "நீ இங்க மச்சான் கணக்குல போட்டுரு"ன்னு குறுக்குவழி பார்க்காதீங்க.

அடுத்து கல்லூரியோட போடுற ஒப்பந்தம். ஒரே பக்கம் போதும், ஆனா யோசிச்சு எழுதணும். "விலங்கியல் மாணவருக்கு"ன்னு மட்டும் எழுதிட்டு, பத்து வருசத்துல துறைக்குப் பேரு மாறிருச்சு இல்ல வகுப்பே இல்லேன்னா பணம் சும்மா கெடக்கும். "அந்தத் துறை இல்லாதபோது அறிவியல் துறை மாணவருக்கு"ன்னு ஒரு வரி சேர்த்துருங்க. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றைக் கட்டாயமாக்காதீங்க. அக்கா டிகிரி முடிச்சிருந்தா தம்பிக்கு அந்தச் சான்று கிடைக்காது. அக்கா படிச்சதுனால வீட்டுக்கு வசதி வந்துருச்சுன்னு அர்த்தமா? யாருக்குத் தேவைங்கிறது வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும். துறைத்தலைவரும் இன்னொரு ஆசிரியரும் சேர்ந்து முடிவு பண்ணட்டும்.

வட்டியில அஞ்சுல ஒரு பங்கைத் திரும்ப அசலோடயே சேர்க்கணும்னும் ஒப்பந்தத்துல இருக்கணும். 19,500ல 3,900 உள்ள போகும், 15,600 செலவுக்கு. இது ஏன்னா, 1985ல ஒருத்தர் 5,000 ரூபா வச்சாருன்னு வச்சுக்கங்க. அன்னைக்கு 10 சதவீத வட்டிக்கு 500 ரூபா, அது பெரிய காசு. இன்னைக்கும் அதே 5,000 அப்படியே நின்னா 325 ரூபா. அதை வாங்க மேடையேறுற பிள்ளைக்கு பஸ் செலவும் டீச் செலவும் போக என்ன மிஞ்சும்?

வைப்பு போடும்போது ஆபீஸ்ல இருக்கறவங்க பழக்கத்துல மறுமுதலீட்டு வைப்பா போட்டுருவாங்க. அதுல முதிர்வு வரைக்கும் வட்டி கைக்கு வராது, அஞ்சு வருசம் ஒரு பிள்ளைக்கும் உதவ முடியாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி தர்ற வைப்புன்னு எழுதிக் குடுங்க. நவம்பர் தேர்வுக்கும் ஏப்ரல் தேர்வுக்கும் பணம் கட்டுற கடைசித் தேதிக்கு முந்தியே கணக்குல காசு இருக்கணும். அபராதத்தோட கட்டுற நிலைமைக்குப் பிள்ளையை விடக்கூடாது. அப்புறம், காசோலையைக் கையில குடுத்து போட்டோ எடுக்க வேண்டாம். கல்லூரியே தேர்வுப் பிரிவுல அந்தப் பதிவெண்ணுக்கு நேரா வரவு வச்சிரட்டும். சாரு யாருக்கும் தெரியாமத்தானே கட்டுனாரு.

ரத்தத்துக்கு வருவோம். நினைவு நாள்னு சொன்னாலே முகாம் போட்டு ஒரே நாள்ல 100 பேரு குடுக்கறது வழக்கமாயிருச்சு. எண்ணிக்கை பார்க்க நல்லாருக்கும். ஆனா சிவப்பணு 35ல இருந்து 42 நாள்தான் தாங்கும், பிளேட்லெட் 5 நாள்தான். குடுத்த ஆம்பளைங்க 3 மாசத்துக்கும் பொம்பளைங்க 4 மாசத்துக்கும் மறுபடி குடுக்க முடியாது. இடையில ஒருத்தருக்கு அவசரம்னா உங்க ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. முகாம் வச்சே ஆகணும்னா மே மாசம் வைங்க. கல்லூரிகள் லீவுல இருக்கும், ரத்த வங்கியில இருப்பு குறையுற காலம்.

அதைவிட ஒரு பட்டியல் நல்லது. பேரு, ரத்தப் பிரிவு, போன், இருக்கற ஊரு, கடைசியாக் குடுத்த தேதி. ஊரு ஏன்னா, பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டியில இருந்து வர்றதுக்கும் செல்லூர்ல இருந்து வர்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. வயசு 18க்குக் குறையாம, எடை 45 கிலோவுக்குக் குறையாம, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாம இருக்கணும். பட்டியலை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுராதீங்க, ரெண்டு பேரு கையில மட்டும் இருக்கட்டும். கேட்டு வர்றவங்ககிட்ட நோயாளி பேரு, வார்டு, தேதி போட்ட ரத்தத் தேவைச் சீட்டோட போட்டோ மூணும் வாங்கிட்டுத்தான் ஆளைக் கூப்பிடணும். ஆறு மாசத்துக்கு முந்தி டிஸ்சார்ஜ் ஆனவருக்கு இன்னைக்கும் ஃபார்வேர்டு சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

மலர் போடணும்னு ஆசை இருந்தா போடுங்க, ஆனா இந்த 3 லட்சத்துல கை வைக்காம. அச்சுக்கணக்குல 16 பக்கம் ஒரு ஃபாரம், நாலு ஃபாரம் போதும். "அன்பானவர், பண்பானவர்"னு 60 கட்டுரை வாங்காதீங்க. அவரு நோட்டுல கைப்பட வரைஞ்ச தவளை, கரப்பான் படங்கள் இருந்தா அதைப் போடுங்க. வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்புனா தரம் போயிரும், டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.