ரிச்மண்ட்ல திரண்டது 22,000 பேர்... மசோதாவ நிறுத்தினது 15 பேர் உட்கார்ந்த ஒரு ரூம்!

[திரையில்: ரிச்மண்ட், வர்ஜீனியா. 2020 ஜனவரி 20]

உறைய வைக்கிற குளிர். விடிஞ்சும் விடியாம வர்ஜீனியா சட்டமன்றத்தச் சுத்தி சுமார் 22,000 பேர். சோதனை தாண்டி வளாகத்துக்குள்ள போன 6,000 பேர் கையில ஆயுதம் கிடையாது, ஏன்னா உள்ள எந்த ஆயுதமும் கூடாதுன்னு ஆளுநர் ரால்ஃப் நார்தம் அவசரநிலையே அறிவிச்சிருந்தாரு. வெளிய தெருவுல நின்னவங்கள்ல ஏகப்பட்ட பேர் தோள்ல ரைஃபிள். கோட்டுல பளீர்னு ஒரு ஆரஞ்சு வட்ட ஸ்டிக்கர்: "துப்பாக்கி உயிர் காக்கும்". நாள் முழுக்க ஒரு கைகலப்பு இல்ல. உலகம் பூரா டிவியில ஓடினது அந்தக் கூட்டத்தோட படம்தான்.

அவங்க எதிர்த்தது ஹவுஸ் பில் 961ங்கற மசோதா. தாக்குதல் ரகத் துப்பாக்கியையும், நிறைய தோட்டா கொள்ளற மேகசினையும், அதாவது தோட்டா அடைக்கற டப்பாவையும், கட்டுப்படுத்தறது. ஆனா அது நின்னது அந்தத் தெருவுல இல்ல மக்களே. நாலு வாரம் கழிச்சு, பிப்ரவரி 17, வர்ஜீனியா மாநில மேல்சபையான செனட்டோட ஒரு கமிட்டி ரூம்ல நின்னுச்சு. 15 உறுப்பினர்கள். 10க்கு 5ன்னு ஓட்டு. அந்தப் பத்துல நாலு பேர் மசோதா கொண்டு வந்த டெமாக்ரட் கட்சிக்காரங்களே!

அமெரிக்காவுல துப்பாக்கி வெச்சிருக்கற சாதாரண ஜனங்க, ஒரு போனையும் ஒரு லெட்டரையும் வெச்சுக்கிட்டு சட்டத்த எப்படித் திருப்பறாங்க, எங்க கோட்டை விடறாங்க? அதுதான் இன்னிக்கு வீடியோ.

[திரையில்: 1791, 1871, 1975]

பின்னணிய வேகமாப் பார்த்துடலாம். 1791ல வந்த உரிமைகள் சாசனத்துல ரெண்டாவது திருத்தம் ஆயுதம் வெச்சுக்கற உரிமை. முதல் திருத்தத்துக்குள்ளயே அரசாங்கத்துக்கு மனு கொடுக்கற உரிமையும் இருக்கு. 1871ல ஆரம்பிச்ச தேசிய ரைஃபிள் சங்கம், 1975ல சட்டமன்ற வேலைக்குன்னே தனிப் பிரிவு தொடங்குச்சு. மாநில அளவுல சின்னச் சின்ன அமைப்புகள் நிறைய. ரிச்மண்ட் கூட்டத்தக் கூட்டினது வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக். அவ்வளவுதான், பின்னணி முடிஞ்சுது.

[திரையில்: ஒலிக்கற போன்]

இப்ப ஆபீசுக்குள்ள போவோம். இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

வாஷிங்டன்ல இருக்கற கேப்பிட்டல், அதாவது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம், அதோட சுவிட்ச்போர்டு நம்பர் 202-224-3121. ஆபரேட்டர்கிட்ட உங்க செனட்டர் பேரச் சொன்னா அந்த ஆபீசுக்குக் கனெக்‌ஷன் கொடுப்பாங்க. எடுக்கறது செனட்டர் இல்ல. பெரும்பாலும் ஒரு இன்டர்ன், இல்லன்னா ரிசப்ஷன்ல இருக்கற இளம் ஊழியர். அவங்க முதல்ல கேக்கறது உங்க கருத்து இல்ல, உங்க பேரும் ஜிப் கோடும், அதாவது அமெரிக்க பின்கோடும். தொகுதிக்காரரான்னு பார்க்கறாங்க. ஆமான்னா கம்ப்யூட்டர்ல உங்க பேருக்கு நேரா மசோதா நம்பர், ஆதரவா எதிர்ப்பா, கூடவே ஒரு வரி குறிப்பு. அந்த எண்ணிக்கை தொகுப்பா மேல போகும். இந்த மசோதாவுக்கு இத்தன பேர் ஆதரவு, இத்தன பேர் எதிர்ப்புன்னு ஓட்டுக்கு முன்னாடி உறுப்பினர் மேஜையில இருக்கும்.

இதுலேர்ந்தே நாலு விஷயம் புரிஞ்சுடும். வேற மாநில செனட்டருக்கு போன் பண்ணி மணிக்கணக்கா வாதாடினாலும் அது கணக்குல ஏறாது. மசோதா நம்பர் சொல்லலன்னா எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னு எடுத்தவருக்கே தெரியாது. ஒரே போன்ல அஞ்சு பிரச்சினை பேசினா அஞ்சும் நீர்த்துப் போகும். போன எடுத்த 20 வயசுப் பிள்ளையத் திட்டினா, குறிப்புல உங்க வாதம் ஏறாது, உங்க கோபம்தான் ஏறும். மிரட்டலா ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அந்தப் போன் கேப்பிட்டல் போலீசுக்குப் போகும். அதோட உங்களுக்கு மட்டும் கேடு இல்ல, அன்னிக்கு ஒழுங்காப் பேசின அத்தன துப்பாக்கிக்காரங்களுக்கும் கெட்ட பேரு.

[திரையில்: மாதிரிப் பேச்சு]

அப்போ எப்படிப் பேசணும்? ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும். இதோ ஒரு மாதிரி, வர்ஜீனியா மாநில செனட்டரோட ஆபீசுக்குப் பண்ற போன்:

"வணக்கம். என் பேரு இன்னது, உங்க தொகுதியில இந்த ஊர்ல இருக்கேன், ஜிப் கோடு இது. ஹவுஸ் பில் 961க்கு எதிரா ஓட்டுப் போடணும்னு கேட்டுக்கறேன். 12 தோட்டாவுக்கு மேல கொள்ளற மேகசின் வெச்சிருந்தாலே குற்றம்னு இதுல இருக்கு. என்கிட்ட சட்டப்படி வாங்கின ஒரு பிஸ்டல் இருக்கு. அதோட கடையில வந்த மேகசினே 15 தோட்டா. செனட்டர் எப்படி ஓட்டுப் போடப் போறாருன்னு எழுத்துல பதில் வேணும். முகவரி தர்றேன்."

கவனிங்க, இதுல அரசியலமைப்புப் பாடமே இல்ல. அந்த ஆபீசுக்கு ரெண்டாவது திருத்தம் தெரியும். தெரியாதது, மசோதாவுல இருக்கற இந்த வரி உங்க வீட்டு அலமாரியில இருக்கற பொருள என்ன பண்ணும்ங்கறது. அதச் சொல்ல உங்களாலதான் முடியும்.

இன்னொன்னு, 12ங்கற நம்பர். மசோதா தாக்கலானப்ப அது 10. கீழ்ச்சபையில திருத்தி 12 ஆக்கினாங்க. பழைய வடிவத்த வெச்சுப் பேசினா, "அது மாறிடுச்சுங்களே"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அதனால போன எடுக்கறதுக்கு முன்னாடி சட்டமன்ற இணையதளத்துல மசோதாவோட கடைசி வடிவத்தப் படிச்சே ஆகணும். மத்திய மசோதான்னா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட இணையதளம், காங்கிரஸ் டாட் கவ்.

அடுத்து ரெடிமேட் ஈமெயில். அமைப்பு ஒரு லிங்க் அனுப்பும், பட்டன அமுக்கினா உங்க பேர்ல மெயில் போயிடும். சுகமான வேலை, ஆனா பலன் கம்மி. ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒரே மாதிரி இருக்கற மெயில்கள அடையாளம் கண்டு ஒரே கட்டாக் கட்டிடும். எண்ணிக்கை ஏறும், ஒரே பதில் எல்லாருக்கும் போகும், யாரும் படிக்க மாட்டாங்க. மேல ரெண்டு வரி உங்க சொந்த எழுத்துல இருந்தா அந்தக் கட்டுலேர்ந்து வெளிய வந்துடுவீங்க. சொந்தமா எழுதின அரைப் பக்கத்துக்கு ரெடிமேட் மெயில் ஈடே இல்லங்கறது என் கருத்து.

காகிதத்துல எழுதணும்னு ஆசையா? வாஷிங்டனுக்கு அனுப்பாதீங்க. 2001 அக்டோபர்ல செனட்டர்கள் டாம் டாஷ்லுக்கும் பேட்ரிக் லேஹிக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வெச்ச கடிதங்கள அனுப்பினாங்க. அதுக்கப்புறம் கேப்பிட்டலுக்குப் போற தபால வேற இடத்துல கதிர்வீச்சு காட்டிச் சோதிச்சுதான் உள்ள விடறாங்க. பேப்பர் மஞ்சள் அடிச்சு, ஓரம் மொறுமொறுன்னு ஆகி வந்து சேரும். அதுவும் வாரக்கணக்குல. அதுக்குள்ள ஓட்டெடுப்பே முடிஞ்சிருக்கும். உறுப்பினரோட உள்ளூர் ஆபீசுக்கு அனுப்புங்க. அதவிட நல்லது, ஆகஸ்ட் விடுமுறையில அவங்க தொகுதிக்கு வரும்போது மூணு நாலு பேராப் போய் நேர்ல பார்த்து, ஒரே ஒரு பக்கக் குறிப்பக் கொடுத்துட்டு வர்றது.

[திரையில்: 2020 பிப்ரவரி 11]

நேரம்னு வந்தப்பறம் கிராஸ்ஓவரச் சொல்லியே ஆகணும். வர்ஜீனியாவுல கூட்டத்தொடர் நடுவுல ஒரு நாள். அந்த நாளுக்குள்ள ஒவ்வொரு சபையும் தன்னோட மசோதாக்கள முடிச்சு அடுத்த சபைக்குத் தள்ளிடணும். 2020ல அது பிப்ரவரி 11. அன்னிக்குத்தான் 961 கீழ்ச்சபையில 51க்கு 48ன்னு ஜெயிச்சுது. அடுத்த நாள் கீழ்ச்சபை உறுப்பினருக்கு போன் பண்ணி என்ன பிரயோஜனம்? பந்து செனட் நீதித்துறைக் கமிட்டிக்குப் போயாச்சு. 40 செனட்டர்ல அந்த 15 பேர்தான் அந்த வாரம் முக்கியம். உங்க செனட்டர் அந்த 15ல இருந்தா உங்க போனுக்கு மதிப்பு பல மடங்கு.

கமிட்டியில நேராப் பேசவும் முடியும். துணைக் கமிட்டி சில நாள் காலை 7 மணிக்கே கூடும், ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா அதிர்ஷ்டம். முன்னாடி பேசினவரு உங்க பாயின்ட்டச் சொல்லிட்டாருன்னா, "அவர் சொன்னதே என் கருத்தும்"னு உட்கார்ந்துடுங்க. உறுப்பினர்கள் அதுக்கு மனசார நன்றி சொல்லுவாங்க.

அந்த 10க்கு 5, கூட்டத்தப் பார்த்து வந்ததுன்னு யாரும் நிரூபிக்க முடியாது. கமிட்டியில எழுந்த கேள்விகள் மசோதாவோட வரையறைகளப் பத்தினது. எந்தத் துப்பாக்கி "தாக்குதல் ரகம்", எது இல்லங்கறது. அப்படிப்பட்ட கேள்வி, விவரம் தெரிஞ்சவங்க விவரமாப் பேசினாத்தான் வரும். அதே சமயம் எல்லாம் ஜெயமும் இல்ல. மாசத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம்ங்கற சட்டம், விற்பனைக்கெல்லாம் பின்னணிச் சோதனை, ஆபத்தானவர்னு கோர்ட் சொன்னா தற்காலிகமாத் துப்பாக்கிய எடுத்துக்கற சட்டம், எல்லாம் அந்த வருஷமே நிறைவேறிடுச்சு. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கறது இல்ல. 2012 டிசம்பர்ல தொடங்கின, துப்பாக்கிக் கட்டுப்பாடு கேக்கற மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன் அமைப்புக்கும் இதே போன், இதே கமிட்டி, இதே வழிதான்.

[திரையில்: பச்சை நுனி தோட்டா]

சட்டமன்றத்துக்கு வெளிய ஒரு வழி இருக்கு. 2015 பிப்ரவரியில, கவசம் துளைக்கற தோட்டாவுக்கான தடையிலேர்ந்து எம்855ங்கற பச்சை நுனி தோட்டாவுக்கு 1986லேர்ந்து இருந்த விலக்க எடுத்துடலாம்னு மத்திய ஆயுதத் துறை ஒரு யோசனை வெச்சு, பொதுமக்கள் கருத்தக் கேட்டுது. 80,000க்கு மேல கருத்துகள் குவிஞ்சுது, காங்கிரஸ்ல ரெண்டு சபையிலயும் பாதிக்கு மேல உறுப்பினர்கள் எதிர்ப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. கருத்து சொல்லக் கடைசி நாளுக்கு முன்னாடியே, மார்ச் 10, துறை பின்வாங்கிடுச்சு. இங்க எண்ணிக்கைய விட வாதம் முக்கியம், ஏன்னா விதி வகுக்கும்போது முக்கியமான ஆட்சேபங்களுக்கு துறை பதில் சொல்லியாகணும். "எனக்குப் பிடிக்கல"ன்னு எழுதினா அதுல பதில் சொல்ல ஒண்ணுமே இல்லையே.

[திரையில்: நியூ ஹாம்ப்ஷயர்]

இப்ப ஒரு ஆச்சரியம். அமெரிக்கக் காங்கிரஸ்ல ஒரு பிரதிநிதிக்கு சுமார் 7,60,000 பேர். நியூ ஹாம்ப்ஷயர்ங்கற சின்ன மாநிலத்துல கீழ்ச்சபைக்கு மட்டும் 400 உறுப்பினர்கள். ஒருத்தருக்கு சுமார் 3,400 பேர்தான்! கிட்டத்தட்ட நம்ம ஊர் வார்டு மெம்பர் மாதிரி. சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர், 1889லேர்ந்து ஒரு சென்ட் ஏறல. எல்லா மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. அங்க பத்து பேர் சொந்தமா எழுதினா ஒரு உறுப்பினருக்கு அது பெரிய அலை. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டுப் போகலாம்ங்கற மசோதாவ 2015லயும் 2016லயும் ஆளுநர் மேகி ஹாசன் வீட்டோ பண்ணாங்க. துப்பாக்கிக்காரங்க விடல. 2017 பிப்ரவரியில புது ஆளுநர் கிறிஸ் சுனுனு கையெழுத்துப் போட்டுட்டாரு.

அமெரிக்காவுல இருந்து பார்க்கற நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு. ஓட்டுரிமை இல்லன்னாலும் நீங்க தொகுதிவாசிதான், கிரீன் கார்டோ விசாவோ, தாராளமா போன் பண்ணலாம். ஆனா எச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சுக்கறதுக்குப் பொதுவா மத்தியச் சட்டம் தடை போடுது. செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்குதான் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி வக்கீலக் கேளுங்க. உங்க மாநிலத்துல என்ன மசோதா ஓடுதுன்னு கமென்ட்ல நம்பரோட போடுங்க.

ஓட்டு முடிஞ்சதும் போன கீழ வெச்சுடாதீங்க. யார் எப்படிப் போட்டாங்கன்னு இணையதளத்துல பேரோட இருக்கும். உங்க பக்கம் போட்டவருக்கு அன்னிக்கே நன்றி சொல்லி ஒரு போன், அதுவும் எதிர்க்கட்சிக்காரர்னா கட்டாயம். ஏன்னா 961 அன்னிக்குச் சாகல. அடுத்த வருஷத்துக்குத் தள்ளி, மாநிலக் குற்றவியல் ஆணையம் ஆராயட்டும்னுதான் அந்தக் கமிட்டி முடிவு பண்ணுச்சு. தள்ளி வெச்ச மசோதா திரும்பி வரும்போது அதே பேருங்களுக்குத்தான் மறுபடி போன் போடணும்.