சின்னம் நம்மளோடது, வரைபடம் யாரோடது?

[காட்சி: ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல. கேமரா மெதுவா நகருது.]

இந்த ரெண்டு காரையும் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. கதவு ஒண்ணுதான். கண்ணாடி ஒண்ணுதான். கூரையோட வளைவும் ஒண்ணுதான். இடது பக்கம் நிக்கிறது ஜப்பானோட மிட்சுபிஷி லான்சர். வலது பக்கம் நிக்கிறது மலேசியாவோட தேசியக் கார், புரோட்டோன் இன்ஸ்பிரா. 2010 நவம்பர்ல விற்பனைக்கு வந்துச்சு. முகப்பையும் சின்னத்தையும் மூடிட்டா, பெரும்பாலானவங்களுக்கு எது எதுன்னே தெரியாது.

இதுக்குப் பேரு ரீபேட்ஜ். இன்னொரு கம்பெனி வடிவமைச்ச காரை ஒப்பந்தம் போட்டு வாங்கி, முகத்தைக் கொஞ்சம் மாத்தி, நம்ம சின்னத்தைக் குத்தி விக்கிறது. இதுல திருட்டு எதுவும் இல்ல, சட்டப்படி நடக்கிற வியாபாரம். இந்தியாவோட அம்பாசடர், இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். மாருதி 800, சுசுகி ஆல்ட்டோதான். இன்னைக்கு உலகம் முழுக்க விக்கிற ஹூண்டாய்கூட 1968ல உல்சான் ஆலையில ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்டிக் கொடுத்துதான் தொழில் படிச்சுது.

அதனால ரீபேட்ஜ் பண்றதே தப்புன்னு நான் சொல்ல வரல. எனக்கு உறுத்துறது 2010ங்கிற அந்த வருஷம். ஏன்னு புரியணும்னா, 1983க்குப் போகணும்.

[காட்சி: ஷா ஆலாம் ஆலை, பழைய படங்கள்]

1983 மே 7, புரோட்டோன் தொடங்கப்பட்ட நாள். ரப்பர், வெள்ளீயம், செம்பனைன்னு மண்ணுல விளையறதையும் மண்ணுல தோண்டுறதையும் வித்துக்கிட்டிருந்த நாடு, இயந்திரம் செய்யக் கத்துக்கணும்னு பிரதமர் மகாதீர் முகமது விரும்புனாரு. அரசாங்கத்தோட ஹைகோம் நிறுவனத்துக்கு 70 விழுக்காடு பங்கு, மிட்சுபிஷி தரப்புக்கு 30 விழுக்காடு. 1985 ஜூலை 9, முதல் புரோட்டோன் சாகா அறிமுகமாச்சு.

சாகாங்கிற பேரு ஒரு விதையோட பேரு. செக்கச்செவேல்னு இருக்குமே, நம்ம ஊர்ப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க வெச்சிருந்த மஞ்சாடி, அதேதான். சின்னத்துல பிறையும், தேசியக் கொடியில இருக்கிற அதே 14 முனை நட்சத்திரமும். பேரு உள்ளூர், சின்னம் உள்ளூர். உள்ள இருந்ததோ மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே, எஞ்சினும் மிட்சுபிஷியோடது.

அப்போ இதை விட்டா வேற வழி இருந்துச்சா? ஒரு காரோட வெளித்தகடு இருக்கே, அதை அழுத்தி எடுக்க ராட்சச இரும்பு அச்சு வேணும். ஒரே ஒரு கதவுக்கே அச்சு ஒண்ணு போதாது. தகட்டை இழுக்க ஒண்ணு, ஓரத்தை வெட்ட ஒண்ணு, மடிக்க ஒண்ணுன்னு வரிசையா வேணும். அதோட எஞ்சின் வரையணும், மோதிப் பாத்துச் சோதிக்கணும். இந்தச் செலவையெல்லாம் லட்சக்கணக்கான கார் வித்துத்தான் எடுக்க முடியும். அன்னைக்கு மலேசியாவுல மொத்த ஜனமே ஒன்றரைக் கோடிச் சொச்சம். அதனால வேற ஒருத்தர் ஏற்கெனவே செலவு பண்ணி முடிச்ச வரைபடத்தையும் பாகங்களையும் வாங்கிப் பூட்டுனாங்க. பாகம் பாகமா வந்து இங்க பூட்டப்படுற இந்த முறைக்கு சிகேடின்னு பேரு. சாகாவோட பாகங்களுக்கு இறக்குமதி வரியில சலுகை, போட்டிக் கார்களுக்கு முழு வரி. வீட்டுக்கு வீடு சாகா நின்னதுக்கு அந்த விலை வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

அந்தச் சலுகைக்கு விலை கொடுத்தது யாரு? மத்த எந்தக் காரை வாங்குனாலும் கூடுதலா வரி கட்டுன மலேசியர்கள். அதனாலதான், என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேக்குற உரிமை அவங்க ஒவ்வொருத்தருக்கும் இருக்குன்னு நான் நம்புறேன்.

கத்துக்கிட்டாங்க. அதை மனசாரச் சொல்லணும். 1993ல வந்த புரோட்டோன் வீராவும் லான்சர்தான். ஆனா 1996ல இங்கிலாந்தோட லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்குச்சு. 1998ல வந்த சத்ரியா ஜிடிஐயோட சஸ்பென்ஷனை லோட்டஸ் பொறியாளர்கள் செதுக்கிக் கொடுத்தாங்க. 2000ல வாஜா. மலேசியாவுல வடிவமைக்கப்பட்ட முதல் கார். அப்பவும் எஞ்சின் மிட்சுபிஷியோடதுதான். 2004ல ஜென்-2 வந்தப்போ அந்தக் குறையும் தீர்ந்துச்சு. லோட்டஸோட சேர்ந்து உருவாக்குன கேம்ப்ரோ, புரோட்டோனோட சொந்த எஞ்சின். 21 வருஷத்துல உடம்பும் சொந்தம், இதயமும் சொந்தம்.

[காட்சி: வாஜா. படம் மெல்ல மங்கி, அதே இடத்துல இன்ஸ்பிரா.]

இப்போ 2010க்குத் திரும்பி வாங்க. வாஜாவோட இடத்துக்கு வந்த கார்தான் இன்ஸ்பிரா. சொந்தமா வரைஞ்ச காரை எடுத்துட்டு, அந்த இடத்துல மறுபடியும் ஒரு லான்சர்! அதுவும் மிட்சுபிஷி தன்னோட பங்கையெல்லாம் வித்துட்டு வெளியேறுனதுக்கு அப்புறம். என்னதான் நடந்துச்சு? 2006லேயே மலேசியாவோட இன்னொரு தேசியக் கார் கம்பெனியான பெரோடுவா விற்பனையில முந்திடுச்சு. 2007ல ஜெர்மனியோட ஃபோக்ஸ்வேகனோட கூட்டுச் சேர நடந்த பேச்சு முறிஞ்சுபோச்சு. காருக்குப் புது அடித்தளம் ஒண்ணை வரையப் பணம் வேணும். பணம் வர விற்பனை வேணும். விற்பனைக்குப் புதுக் கார் வேணும். அந்தச் சுழல்ல மாட்டுனா வாங்கி ஒட்டுறதுதான் சீக்கிர வழி. அப்புறம் 2013ல பெர்டானாங்கிற பேர்ல ஹோண்டா அக்கார்டு, 2016ல எர்டிகாங்கிற பேர்லயே சுசுகி எர்டிகா.

பெரோடுவாவும் ஒட்டித்தான் ஆரம்பிச்சுது. 1994ல வந்த கஞ்சில், டைஹாட்சு மிராதான். ஆனா அவங்க ஒரே கூட்டாளியோட நிலைச்சு நின்னாங்க, சின்னக் கார்லயே கை பழகுனாங்க. 2017ல வந்த புது மைவி காரோட உடல் வடிவத்தை அவங்க ஆளுங்களே வரைஞ்சாங்க. வருஷத்துக்கு ஒரு வாத்தியாரை மாத்தாம படிச்ச புள்ள மாதிரி.

இந்தோனேசியாவுல இன்னும் மோசம். 1996ல திமோர்ங்கிற "தேசியக் கார்" கொரியாவுலேயே முழுசாச் செஞ்சு கப்பல்ல வந்து இறங்குச்சு. அது கியா செஃபியா. வரிச்சலுகை வேற. ஜப்பானும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனாங்க, 1998ல தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிரா வந்துச்சு.

2017ல சீனாவோட ஜீலி, புரோட்டோனோட 49.9 விழுக்காட்டை வாங்குச்சு. 2018 டிசம்பர்ல எக்ஸ்70, 99,800 ரிங்கிட்டுல இருந்து. அது ஜீலி போயுவே. முதல்ல சீனாவுல இருந்து முழுசா வந்துச்சு, அப்புறம் மலேசியாவுல தஞ்சோங் மாலிம் ஆலையில பூட்ட ஆரம்பிச்சாங்க. நல்ல கார், நல்லா வித்துச்சு, கம்பெனியும் பிழைச்சுது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு, அதை நான் லேசா எடுத்துக்கல.

[காட்சி: மின்சாரக் காரோட திறந்த அடிப்பாகம்]

2024 டிசம்பர்ல இ.மாஸ் 7 வந்துச்சு. புரோட்டோனோட முதல் மின்சாரக் கார், அடியில ஜீலி இஎக்ஸ்5. இங்க கத்துக்க கேம்ப்ரோ மாதிரி எஞ்சின் கிடையாது. பேட்டரி, மோட்டார், அதை ஆள்ற மென்பொருள், இவ்வளவுதான். இனி ஒவ்வொரு புதுக் கார் வரும்போதும் நான் தேடப் போறது சின்னத்தை இல்ல. அந்த மென்பொருளோட ஒரு வரியை மாத்தணும்னா, தஞ்சோங் மாலிம்ல இருக்கிற பொறியாளர் தானே மாத்தலாமா, இல்ல சீனாவுக்கு எழுதிக் கேட்டுட்டுக் காத்திருக்கணுமா?