அந்தத் தூணுக்கு வட்டி கட்டியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செட்டிநாட்டு வீட்டின் பெருமை கட்டடக்கலையிலா, வரலாற்றிலா என்பது கேள்வி. வரலாற்றில்தான் என்பது என் கட்சி. எதிரணித் தோழி முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைச் சொல்லியே பாதி நேரத்தைப் பூசி முடித்துவிட்டார். வழவழப்பாகத்தான் இருந்தது! கானாடுகாத்தானில் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தவன்தான் நானும். மறுக்கவில்லை.

ஆனால் அம்மா, தேக்குத் தூணைச் சொன்னீர்களே, காரைக்குடிப் பக்கம் தேக்குக் காடு ஏது? அது வந்தது பர்மாவிலிருந்து. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்து அரிசி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. காடு திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கையில் காசு வேண்டும். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் அங்கே வட்டிக்கடை திறந்தார்கள். பெட்டியடிப் பையன் என்ற கடை எடுபிடியாகப் போனவர் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி ஊர் திரும்பினார். அந்த வட்டிதான் ஐயா, இங்கே தூணாக நிற்கிறது.

கைதட்டாதீர்கள், கசப்பும் இருக்கிறது. 1930-களில் நெல் விலை சரிந்தது. கடன் அடைக்க முடியாதவர்களின் நிலம் கைமாறியது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களிடம். அவர்கள் கேட்டது நிலத்தையல்ல, பணத்தைத்தான். இருந்தாலும் வயலை இழந்தவனுக்கு அது ஆறுதலா? இதையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. ஆத்தங்குடித் தரையின் பூக்கோலத்தில் இது தெரியாது.

'வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், என்ன திட்டமிடல்!' என்றார் தோழி. திட்டம் எங்கிருந்து வந்தது? கல்யாணமான மகனை வேறு வைப்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, தனி அடுப்பு. கூரை ஒன்று, உலை பல. மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்தை எந்த இன்ஜினீயரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை! முதலில் வழக்கம், பிறகுதான் வரைபடம்.

1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. வருமானம் நின்றது. அந்த அளவில் வீடு கட்டுவதும் நின்றது. ஏன்? கொத்தனாருக்குக் கை மறந்துவிட்டதா? ஆசாரி உளியைத் தொலைத்துவிட்டாரா? கலை அப்படியே இருந்தது, நடுவர் அவர்களே. கப்பலில் வந்த பணம்தான் வரவில்லை.

இன்று பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பிரித்துப்போட்ட வீடுகளின் தூணும் வாசல் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிப்போய் எங்கோ ஒரு ரிசார்ட்டில் நிறுத்துகிறார்கள். அதே தேக்கு, அதே செதுக்கல், ஒரு கீறல் இல்லை. கலைதான் பெருமை என்றால், அந்தப் பெருமை அந்த ரிசார்ட்டில் முழுசாக இருக்க வேண்டும். இருக்கிறதா? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.